ஐந்தருவி லைனில் பழுது இல்லை

“பாக்கெட் இழப்புக்குக் காரணம்: ஐந்தருவி வழித்தடத்தின் ஜாயிண்டுகளில் வேலைக் குறை. பொறுப்பு: லைன்மேன்.”

ஆடி மாதம் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு இந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். ஆண்டை மட்டும் இங்கே சொல்லாமல் விடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இதே ஊரில் நடமாடுகிறார்கள். மற்றபடி மாதம், தேதி, கிழமை எல்லாம் என் நாட்குறிப்பில் உள்ளபடியே.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னிடம் கேட்டது, இத்தனை வருட அனுபவத்தில் கண்டுபிடிக்கக் கடினமாக இருந்த பழுது எது என்று. கண்டுபிடிக்கக் கடினமானது என்று இதைச் சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது மூன்று சீசன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தென்காசியில் எங்களுடையது சின்ன இணைய நிறுவனம். ஊருக்குள் வீடுகளும் கடைகளும் ஒரு பக்கம். இலஞ்சி வழியாகக் குற்றாலம், ஐந்தருவி வரை போகிற லாட்ஜுகளும் பள்ளிகளும் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்துக்கும் அலுவலக சர்வரில் தனித்தனி நெட்வொர்க் கார்டு. அந்த சர்வர் இருந்த குளிரூட்டப்பட்ட அறை என் பொறுப்பு. அறைக்கு வெளியே கம்பங்களில் தொங்கிய, செய்தியை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள் முழுவதும் லைன்மேன் மைதீன் பொறுப்பு.

பாக்கெட் என்றால் உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும். இணையத்தில் எதுவும் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக நறுக்கி அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்துக்கொள்கிறோம். அந்தத் துண்டுதான் பாக்கெட். வழியில் சில துண்டுகள் காணாமல் போனால் படம் அப்படியே நிற்கும், பேச்சு அறுந்து அறுந்து கேட்கும்.

எங்களுக்குக் குற்றாலம் பக்கம் மட்டும் அது காணாமல் போனது. அதுவும் ஆனி, ஆடி மாதங்களில்.

நான் தேதி பார்த்து எழுதுகிறவன். மூன்று சீசனாக ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். முதல் பத்தியில் தேதி, அடுத்ததில் சாரல் உண்டா இல்லையா, மூன்றாவதில் எத்தனை பாக்கெட் விழுந்தது, அதாவது வழியில் தொலைந்தது. சாரல் அடித்த நாளெல்லாம் இழப்பு. சாரல் நின்றால் இழப்பும் நின்றது. ஒரு நாள்கூட மாறவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

நம் ஊரில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவும் மாட்டார்கள். சீசன் தொடங்கிவிட்டால் கரண்டு போனாலும் போன் அறுந்தாலும் நமக்கு இரண்டே காரணம்தான். ஒன்று சாரல், இன்னொன்று குரங்கு. ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜ் மேலாளர் ஒருவர் தினமும் காலையில் கூப்பிட்டுக் கிண்டல் செய்வார். “அருவியிலயாவது தண்ணி கூடுனாத்தான் தடை போடுதான். உங்க நெட்டுக்குச் சாரல் விழுந்தாலே தடையா அண்ணாச்சி?”

நான் போனை வைத்துவிட்டு மைதீனை அனுப்புவேன்.

மைதீன் தென்காசிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் கேபிள் இணைக்கும் வேலை பார்த்தவர். முடியைவிட மெல்லிய இழைகளை அவர் ஒட்டினால் ஒட்டிய இடம் தெரியாது. அங்கேயே நல்ல நிலையில் இருந்தவர் ஏன் திரும்பி வந்தார் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

“லீவுல வந்திருந்தேன் அண்ணாச்சி. நாலு வயசுப் புள்ள, உம்மா சேலைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு மெதுவாக் கேக்கா: ‘உம்மா, இந்த மாமா எப்பம் போவாங்க?’ன்னு.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, “அடுத்த கான்ட்ராக்ட்டு முடிஞ்சதும் பெட்டியக் கட்டிட்டேன். இனி கழுத்தப் புடிச்சித் தள்ளுனாலும் போவ மாட்டேன்” என்றார்.

அந்தப் பிள்ளை ரஹ்மத் பிறகு இலஞ்சியில் படித்தாள். பள்ளி வேன் உண்டு. ஆனாலும் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு மைதீனின் பைக் பள்ளி வாசலில் நிற்கும். எந்தக் கம்பத்தில் எந்த வேலை இருந்தாலும் அதற்குள் முடித்துவிடுவார். “நாலரைக்கு மைதீன் லைன் கட்டாயிரும்” என்று அலுவலகத்தில் கேலி செய்வோம். அப்படிப் போய்ப் போய்த்தான் மாமாவாக இருந்தவர் வாப்பா ஆனார்.

அந்த ஆனி மாதம் மட்டும் இழைகளை ஒட்டிய இடங்களை மூடும் பதினோரு ஜாயிண்ட் பெட்டிகளையும் மூன்று முறை திறக்கச் சொன்னேன். மூன்றாவது முறை முடித்துவிட்டு நனைந்த சட்டையோடு வந்து நின்றார். அறைக்குள் வரவில்லை. தரை ஈரமாகும் என்று வாசலிலேயே நின்று பேசினார்.

“அண்ணாச்சி, பதினொண்ணும் தொறந்து பாத்தாச்சு. ஒண்ணுலயும் சொட்டுத் தண்ணி இல்ல. மீட்டர் வச்சா லைட்டு முழுசா வருது. லைனு நல்லாத்தான் இருக்கு.”

“அப்பம் பாக்கெட்டு எங்கவே போவுது? ஐந்தருவில குளிக்கவா போவுது?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“ஒரு தடவ, நம்ம ரூம்லயே ரெண்டு முழம் வயரப் போட்டு, அந்தக் கார்டுல நேரா லேப்டாப்பச் சொருகிப் பாத்துருவோமா? வெளிய உள்ள லைனே வேண்டாம். அதுலயும் விழுந்துச்சுன்னா...”

அவரை முடிக்க விடவில்லை நான். “என் ரூம்ல என்னவே சோதிக்கப் போறீரு? கார்டு ஒரு எரர்கூடக் காட்டல. நீரு கம்பத்தப் பாரும்.”

கார்டு எரர் காட்டவில்லை என்பது உண்மை. அது துண்டுகளை விழுங்கிவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று உட்கார்ந்திருந்தது. அதன் வாக்குமூலத்தை நம்பினேன். மழையில் நனைந்து வந்த மனிதரின் வாக்குமூலத்தை நம்பவில்லை. அந்த அறையை ஒவ்வொரு வயராக நானே கட்டியிருந்தேன், தூசி படியாமல் பார்த்துக்கொண்டேன். பழுது இருந்தால் அது அடுத்தவர் கையில் உள்ள பகுதியில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது எனக்குள் வந்தது என்று தெரியவில்லை. அதற்கு மட்டும் நாட்குறிப்பில் தேதி இல்லை.

ஆடி எட்டு, வியாழக்கிழமை. இலஞ்சியில் எங்கள் இணைப்பு இருந்த ஒரு மையத்தில் கணினி வழித் தேர்வு நடந்தது. நல்ல சாரல். வாசுதேவநல்லூர் வரையிலிருந்து பிள்ளைகள் விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தார்கள். தேர்வு தொடங்கிச் சிறிது நேரத்தில் திரைகள் நின்றன. சரி செய்து மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு பெண் நுழைவுச் சீட்டைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் அழுதுகொண்டிருந்தாள். தேர்வை ரத்து செய்தார்கள். மைதீன் அப்போதும் கம்பத்தில்தான் இருந்தார்.

மறுநாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசையில் மையத்தின் புகார்க் கடிதம் இருந்தது.

“மதியத்துக்குள்ள பதில் கேக்கான். என்ன காரணம், யாரு பொறுப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்.”

“லைனுலதான் சந்தேகம்.”

“சந்தேகம்னு எழுதுனா வேற கம்பெனிக்குப் போயிருவான்வே. உமக்கே தெரியலன்னா நான் யாருகிட்டப் போய்க் கேக்க? மூணு வருசமா நோட்டு எழுதுதீருல்லா?”

அந்தக் கேள்விதான் என்னைச் சாய்த்தது. நோட்டு என் பெருமை. தெரியவில்லை என்று சொன்னால் அந்த நோட்டுக்கு என்ன மதிப்பு? உட்கார்ந்து எழுதினேன். சந்தேகம் என்ற சொல்லை அடித்துவிட்டுக் காரணம் என்று போட்டேன். பொறுப்பு யார் என்பதையும் எழுதினேன். மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

திங்கட்கிழமை மைதீனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். லைன் வேலை வெளியூர் ஒப்பந்தக்காரருக்குப் போனது. அந்தத் தாளின் நகலைக் காட்டித்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார் முதலாளி. கருவிப் பெட்டியை ஒப்படைக்க வந்தவர் என் மேசைக்கு வந்தார். எதற்கும் தயாராக இருந்தேன்.

“ஆறாவது ஜாயிண்டுக்கு மேல ஒரு தேன்கூடு இருக்கு அண்ணாச்சி. புதுசா வரவன்கிட்டச் சொல்லிருங்க. தெரியாமக் கைய வச்சிரப் போறான்.”

அவ்வளவுதான். நாலரை ஆகப் போகும் நேரம். கிளம்பிவிட்டார்.

ஒப்பந்தக்காரர் ஆவணி முழுவதும் வேலை பார்த்து ஐந்தருவி வரை புதுக் கேபிளே இழுத்தார். அதற்குள் சாரலும் குறைந்திருந்தது. இழப்பு இல்லை. முதலாளி என் முதுகில் தட்டினார். அடுத்த சாரலில் என் கோடுகள் மாறும், இழப்புப் பத்தி வெறுமையாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

புரட்டாசியில் காலாண்டு விடுமுறை விட்டார்கள். அருவியில் அப்போதும் தண்ணீர் இருந்ததால் கூட்டம் வந்து குவிந்தது. லாட்ஜுகள் நிரம்பின. புரட்டாசி பதினொன்றாம் தேதி வெயில் சுள்ளென்று அடித்தது. மலை முழுவதும் மேகமில்லாமல் தெரிந்தது. காலை ஒன்பது மணிக்கு லாட்ஜ் மேலாளர் கூப்பிட்டார். “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சொல்லப் போறீங்க? வெயிலு பட்டும் நனையுதோ?”

நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். சாரல் பத்தியில் ‘இல்லை’ என்று எழுதினேன். இழப்புப் பத்தியில் எண்ணை எழுதியபோது கை நின்றுவிட்டது. சாரல் அடித்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் லாட்ஜுகளில் அத்தனை பேரும் போனைத் திறப்பார்கள், கார்டின் மேல் சுமை ஏறும். மூன்று வருடமாக நான் சாரலை எழுதினேன், கூட்டத்தை எழுதவில்லை.

இரண்டு முழ வயரை எடுத்தேன். குற்றாலம் பக்கத்துக் கார்டிலிருந்து வெளி லைனைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேராகச் சொருகினேன். சும்மா இருந்தபோது ஒன்றும் விழவில்லை. பெரிய கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பிச் சுமை ஏற்றினேன். விழுந்தது. கேபிள் இல்லை, கம்பம் இல்லை, மழை இல்லை. இரண்டு முழத்துக்குள் பாக்கெட் காணாமல் போனது. அலமாரியில் கிடந்த வேறு கார்டை மாட்டி, அதே சுமையை ஏற்றினேன். ஒன்றுகூட விழவில்லை.

கடிகாரம் பார்த்தேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூட.

மைதீன் நான்கு நாள் முன்னால், புரட்டாசி ஏழாம் தேதி, விமானம் ஏறியிருந்தார். மைத்துனர் மூலம் விசா வந்திருந்தது. இங்கே அந்தத் தாளுக்குப் பிறகு வேறு யாரும் லைன் வேலை கொடுக்கவில்லை. லைன் வேலை பார்க்கிறவர்கள் வட்டத்தில் இப்படிப்பட்ட செய்தி சீக்கிரம் பரவும்.

கழற்றிய கார்டோடு முதலாளி அறைக்குப் போனேன். தேர்வு மையத்துக்குத் திருத்தம் எழுத வேண்டும், மைதீனைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றேன்.

“கார்ட மாத்திட்டீருல்லா?”

“மாத்தியாச்சு.”

“பெறவு என்ன? விடும்வே. முடிஞ்சி போன சங்கதிய எதுக்குக் கிண்டிக்கிட்டு? அவனும் நல்ல வேலைக்குத்தான போயிருக்கான்.”

நான் அங்கேயே நின்று மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. திருத்தத்தை நானே எழுதி மையத்துக்கு அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஓய்வுபெற எனக்கு ஒன்றரை வருடம்தான் இருந்தது. இதற்கு மேல் நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

ஒன்று மட்டும் செய்தேன். அந்த வாரமே எண் வாங்கி மைதீனுக்குப் பேசினேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“கார்டா? நான் கார்டுன்னு நெனைக்கல அண்ணாச்சி. லைனு இல்லன்னு மட்டுந்தான் தெரியும்.”

“என்ன மன்னிச்சிரும் மைதீன். எப்படியாவது திரும்பி வர...”

“ரெண்டு வருச ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டாச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அண்ணாச்சி, ஒண்ணு கேப்பேன். வீட்டுல என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுன கதையச் சொல்லல. விசா வர்ற வரைக்கும் தெனமும் வேலைக்குன்னு சொல்லித்தான் கெளம்பிப் போனேன். சம்பளம் கூடன்னு நானா போறேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். வாப்பாவ வேலை தெரியாதுன்னு அனுப்பிச்சிட்டாங்கன்னு புள்ளைக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் சொல்லிராதீங்க. வாக்குக் குடுங்க.”

கொடுத்தேன். அவர் கேட்ட ஒரே விஷயம் அது.

நான் ஓய்வுபெற்ற அடுத்த தை மாதம், மைதீனின் மனைவி வீட்டுக்கு வந்தார். வாக்குக் கொடுத்ததிலிருந்து அந்தக் குடும்பத்தின் கண்ணில் படாமலே இருந்தேன். உட்காரச் சொன்னதும் அவர் சொன்னது இதுதான்:

“அண்ணே, புள்ள அவ வாப்பா போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கா. போன ஆனியிலேர்ந்தே எடுக்கல. ஒப்பந்தம் முடிஞ்சி வந்திருவாங்கன்னு நாள எண்ணிக்கிட்டு இருந்தா. அவங்க என்னன்னா இங்கன வந்து என்ன வேலை பாக்கன்னு இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. ‘ஊருல வேலை இருக்கும்போதே துட்டு பெருசுன்னுதான போனாங்க. அவங்களுக்கு நான் வேண்டாம், எனக்கும் அவங்க வேண்டாம்’ங்கா. நீங்க கூட வேலை பாத்தவங்க. ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா.”

என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்னால் வாக்குப் போகும். சொல்லாவிட்டால் மைதீனுக்கு மகள் இல்லாமல் போய்விடுவாள். எதற்காக அவர் பன்னிரண்டு வருடத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினாரோ, அது மறுபடி கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை அவரிடமிருந்து பிடுங்கியது என் நான்கு நிமிட எழுத்து.

மூன்று நாள் யோசித்தேன். மைதீனிடமே அனுமதி கேட்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். வேண்டாம் என்றுதான் சொல்வார். வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரஹ்மத் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். “வாங்க மாமா” என்று எழுந்தாள். நான் உட்காராமலே சொல்லத் தொடங்கினேன். தேர்வு, புகார்க் கடிதம், இரண்டு முழ வயர் எல்லாவற்றையும் தேதியோடு வரிசையாகச் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வராது. அவள் உம்மா சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“வாப்பா துட்டுக்காகப் போகலையா?”

“இல்லம்மா. இங்கன யாரும் வேலை குடுக்கல.”

“ஏன் குடுக்கல?”

“வேலை சரியில்லன்னு ஒரு தாள்ல எழுதியிருந்திச்சு.”

“அது பொய்யா?”

“பொய்தான்.”

“யாரு மாமா எழுதுனா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன்.

“நான்தாம்மா.”

அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். புத்தகங்களை ஒவ்வொன்றாக மூடி அடுக்கினாள். மேசையில் கிடந்த போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“சாயா குடிச்சிட்டுப் போங்க” என்றார் அவள் உம்மா. முகம் என் பக்கம் திரும்பவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். பழுது எங்கே என்று தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதுங்கள். முதலாளி கத்துவார், வாடிக்கையாளர் வேறு இடம் போவார், போகட்டும். முதலில் உங்கள் அறையைச் சோதியுங்கள், அதுவும் அடுத்தவரைச் சோதிக்கச் சொல்லுங்கள். கம்பத்திலிருந்து இறங்கி வந்தவர் லைன் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். தரை ஈரமானால் துடைத்துக்கொள்ளலாம்.

நான் அந்த வீட்டுக்குப் போனது தை மாதம், மூன்றாவது சனிக்கிழமை. இதை எழுதுவது மாசியில். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ரஹ்மத் தன் வாப்பாவைக் கூப்பிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. கூப்பிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். அவர் காதால் கேட்டதில்லை, ஊகம்தான். உறுதி செய்யப்படவில்லை.